என் மனைவிக்கு நான் போட்ட எண்

எனக்கு ஒரு வியாதி உண்டு. எதிரே யார் வந்தாலும் மனசுக்குள் அவருக்கு ஒரு எண்ணைப் போட்டுவிடுவேன். ஹெப்பகோடி மெட்ரோ நிலைய வாசலில் கொத்தமல்லிக் கட்டு விற்கிறவருக்கு ஓர் எண். அவருக்குப் பக்கத்தில் செல்போனுக்குக் கண்ணாடி ஒட்டிக் கொடுப்பவருக்கு இன்னோர் எண். கல்யாணத்துக்குப் போனால் நாதஸ்வரக்காரர், பந்தல்காரர், வீடியோக்காரர் என்று ஒருத்தரையும் விடமாட்டேன். மாப்பிள்ளை முகம் மறந்துபோகும், மாப்பிள்ளையின் அப்பா நடத்தும் பம்பு ரிப்பேர் கடையின் எண் மறக்காது.

இது சம்பளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த வியாதி. பெங்களூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில், தொழிலாளர் புள்ளிவிவரப் பிரிவில் எனக்கு உத்தியோகம். களப் பணியாளர்கள் வீடு வீடாக, பட்டறை பட்டறையாகப் போய், யார் என்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். அவர்கள் கொண்டுவருவது வார்த்தை. ‘லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறது’ என்று இருக்கும். ‘பல் செட்டு செய்யறது’ என்று இருக்கும். அந்த வார்த்தையைத் தொழில் வகைப்பாட்டுப் புத்தகத்தில் தேடி, உரிய எண்ணாக மாற்றுவது என் வேலை. என்ன எண், எத்தனை இலக்கம் என்றெல்லாம் சொல்லி உங்களைத் தூங்கவைக்கப் போவதில்லை. அந்தக் கைங்கரியத்தைத் தினமும் சாப்பாட்டு நேரத்தில் என் மனைவிக்குத்தான் செய்துகொண்டிருந்தேன். அவள் தட்டில் குழம்பு ஊற்றுவாள், நான் குறியீட்டு எண்களை ஊற்றுவேன்.

புத்தகத்தைத் திறக்காமலே எண் சொல்வேன் என்று அலுவலகத்தில் எனக்கு ஒரு பெயர். பக்கத்து மேசைக்காரர் தலையைத் தூக்காமல், "சார், சோடா பாட்டிலுக்கு கோலி போடுறது?" என்பார். நான் காப்பியை உறிஞ்சிக்கொண்டே சொல்லிவிடுவேன். சரியாகத்தான் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் கொம்பு முளைத்திருந்தது. கொஞ்சம் என்ன, நன்றாகவே முளைத்திருந்தது.

இந்த நேரத்தில்தான் வகைப்பாடு புதுப்பிக்கப்பட்டது. உலகத்தில் தொழில்கள் மாறிவிட்டன, பழைய எண்கள் போதாது என்று புதுப் பட்டியல் வந்தது. எங்களிடம் இருக்கும் பழைய பதிவுகளையெல்லாம் புது எண்ணுக்கு மாற்ற வேண்டும். அதற்கு ஒரு பெரிய எக்செல் அட்டவணை. இடப்பக்கம் பழைய எண், வலப்பக்கம் புதிய எண். ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிற வரிகள் வெள்ளையாக இருக்கும். பழைய ஒன்று புதியதில் இரண்டாகவோ மூன்றாகவோ பிரிந்தால் அந்த வரி மஞ்சள். மஞ்சள் வரியில் மேசையில் உட்கார்ந்துகொண்டு எழுதக் கூடாது. சம்பந்தப்பட்டவருக்குப் போன் செய்து கேட்டுத்தான் எழுத வேண்டும். இதுதான் விதி.

எங்கள் அதிகாரி ஒரு கன்னடக்கார மேடம். அதிகம் பேச மாட்டார். மஞ்சள் வரி எதைக் காட்டினாலும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "கேளிதீரா?" கேட்டீர்களா என்று அர்த்தம். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு, கடைசி எழுத்தை ஓர் இழுப்பு இழுத்துக் கேட்பார். அதை நான் வீட்டில் அப்படியே செய்துகாட்டுவேன். என் மனைவி விழுந்து விழுந்து சிரிப்பாள்.

மஞ்சள் வரிகளில் ஒரு நீண்ட பகுதி என் உயிரை எடுத்தது. வீட்டிலிருந்தபடி மாவு, பொடி, ஊறுகாய், சப்பாத்தி என்று தொழில் செய்கிற பெண்கள். எங்கள் பழைய பதிவுகளில் அவர்களையெல்லாம் ஒரே மூட்டையாகக் கட்டிவைத்திருந்தோம். புதியதில் பிரிக்க வேண்டும். தானே செய்து விற்பவர் என்றால் உற்பத்தி, வாங்கி விற்பவர் என்றால் வியாபாரம். நான் பதினொரு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் போன் செய்துபார்த்தேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் கையெல்லாம் மாவாக இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. வீட்டில் இருக்கிற பெண்கள்தானே, எங்கேயாவது வாங்கிப் பக்கத்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள் என்று தோன்றியது. முதல் வரியில் வியாபாரத்தின் எண்ணை அடித்து, மௌஸைப் பிடித்துக் கீழே ஒரே இழுப்பு. அத்தனை பெண்களும் வியாபாரிகளானார்கள். மஞ்சளையும் வெள்ளையாக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை என் மனைவி ஒரு காகிதத்தோடு வந்து நின்றாள்.

அவள் மாவு பிசினஸ் செய்கிறாள் என்பது எனக்குத் தெரியும். அந்த அளவுக்காவது தெரியும். மூன்று வருஷமாகச் சாயங்காலம் எங்கள் குடியிருப்பில் ஏழெட்டு வீடுகளுக்கு இட்லி மாவு பாக்கெட் போகிறது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் எனக்கு ஒரு தண்ணீர் பாட்டில் வைக்க இடம் கிடையாது. மாவு கீழ்வீட்டிலிருந்து வருகிறது. கீழ்வீட்டில் ஓர் அக்கா இருக்கிறார், ஊரை விட்டு இங்கே வந்து மூன்று தலைமுறை ஆன தமிழ்க் குடும்பம், பாதி தமிழ் பாதி கன்னடமாகப் பேசுவார். கிரைண்டர் அவர் வீட்டுப் பின்கட்டில்தான் இருந்தது. அரிசி மூட்டை ஆட்டோவில் அவர் வாசலுக்குத்தான் வரும். ஒருமுறை மூட்டையை இறக்க நானே கை கொடுத்துவிட்டு, "பரவாயில்லையே அக்கா, பிசினஸ் ஜோராப் போகுது போல" என்றேன். அவர் சிரித்தார். ஆகவே அக்கா அரைக்கிறார், என் மனைவி வாங்கி மாடியில் விற்கிறாள். இடம், இயந்திரம், மின்சார இணைப்பு எல்லாம் அக்காவுடையது. பதினாறு வருஷ அனுபவம் உள்ளவனுக்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

"ஏங்க, இந்தச் சிறு தொழில் பதிவு ஆன்லைன்ல போடணுமாம்" என்றாள். "நம்ம ஏரியா ஃபேக்டரி கேன்டீன்ல தினமும் மாவு கேக்கிறாங்க. பேசிட்டேன். சாம்பிள் குடுத்து, சாப்பிட்டுப் பார்த்து, பிடிச்சுப்போச்சு. பதிவு பேப்பர் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள்ள வேணுமாம். ஆர்டர் வந்துச்சுன்னா அடுத்த தெருவுல ஒரு ஷெட் இருக்குது, எடுத்துடலாம். சாவி வாங்கித் தெறந்துகூட பார்த்துட்டேன். குழாய்ல தண்ணி நல்லா வருது."

நான் மடிக்கணினியில் அட்டவணையைப் பார்த்துக்கொண்டு "ம்" என்றேன்.

"அக்காவுக்கும் ஒண்ணு போட்டுடுங்க. மகளிர் சங்கத்துல கேக்கிறாங்களாம். அதுல ஏதோ தொழில் நம்பர் போடணுமாமே, கொஞ்சம் கேளுங்க, என்ன செய்றோம்னு சொல்றேன்."

"எங்கிட்டயே தொழில் நம்பர் சொல்லித் தர்றியா?" என்றேன். "ஊருக்கே போடுறவன் நான். ஓடிபி வந்தா மட்டும் சொல்லு."

ஓடிபி வந்தது, சொன்னாள். அன்றைக்கு நான் அவளிடம் கேட்டது அது ஒன்றுதான். அக்காவுக்கு மாவு உற்பத்தி என்று போட்டேன். என் மனைவிக்குச் சில்லறை வியாபாரம் என்று போட்டேன். புத்தகத்தைத் திறக்கவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை.

சான்றிதழை எட்டிப் பார்த்துவிட்டு, "சில்லறை வியாபாரம்னு வருதே?" என்றாள்.

"அது அப்படித்தான் வரும். வகைப்பாட்டு மொழி வேற, நம்ம பேச்சு வேற" என்றேன். அவள் தலையாட்டினாள். என் வேலையில் எனக்குத் தெரியாதது இருக்காது என்று நம்பினாள். அவள் நம்பியதை நினைத்தால்தான் இப்போதும் கூசுகிறது.

புதன்கிழமை நான் புதிய களப் பணியாளர்களுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தேன். இளம் பெண்களும் ஆண்களுமாக ஒரு கூட்டம். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். அந்த வகுப்பில் நான் ரொம்பப் பிரசித்தம். "‘என்ன வேலை செய்றீங்க’ன்னு கேக்காதீங்க" என்று ஆரம்பிப்பேன். "அப்படிக் கேட்டா வீட்டுல இருக்கிற அம்மா ‘சும்மாதான் இருக்கேன்’னு சொல்லிடுவாங்க. ‘நேத்துக் காலையில எழுந்ததுலேர்ந்து என்னென்ன செஞ்சீங்க’ன்னு கேளுங்க. ஒவ்வொண்ணா கேளுங்க. உங்க மனசுல இருக்கிறதை எழுத நீங்க எதுக்கு? அதை நான் இங்கேயே உக்காந்து எழுதிடுவேனே." எல்லோரும் சிரித்தார்கள். ஒரு பெண் இதைக்கூடக் குறித்துக்கொண்டாள். என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மனைவி. கட் செய்தேன். மறுபடி அதிர்ந்தது. மறுபடி கட் செய்துவிட்டு, பதிலளிப்பவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேட்பது எப்படி என்ற பகுதிக்குப் போனேன்.

வகுப்பு முடிந்து கூப்பிட்டேன். "சாயங்காலம் கொஞ்சம் சீக்கிரம் வாங்க. கீழ்வீட்டுக்கே வந்துடுங்க" என்று மட்டும் சொன்னாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. அவள் குரல் அப்படி இருந்தால் நான் என்னவோ செய்திருக்கிறேன் என்று அர்த்தம். மெட்ரோவில் நின்றபடி, கல்யாண நாளா, காஸ் புக் செய்ய மறந்தேனா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

அக்கா வீட்டு முன்னறையில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள் அக்கா ஆரம்பித்துவிட்டார்.

"ஏன் சார், நான் மாவு அரைக்கிறேன்னு கவர்மென்ட்ல எழுதி வெச்சிருக்கீங்களாமே? எனக்கு அந்த மெஷின் சுவிட்ச் போடவே பயம் சார். ஒரு தபா ஷாக் அடிச்சதுலேர்ந்து நான் அந்தப் பக்கமே போறதில்ல."

"அப்போ அரைக்கிறது?"

அக்கா என் மனைவியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, எனக்கு ஏதாவது உடம்புக்கா என்கிற கவலைதான் இருந்தது.

"இவதான் சார் அரைக்கிறா. மூணு வருஷமா. இவங்க மாடியில மெஷின் வெச்சா சத்தம்னு ஓனர் பேடா, வேணாம்னுட்டாரு. அதான் என் பின்கட்டுல வெச்சுக்கோம்மான்னு சொன்னேன். அரைக்கிறது, கலக்கிறது, பாக்கெட் ஒட்டுறது எல்லாம் இவ. நான் வாங்கி ஸ்கூட்டர்ல கடைக்குக் குடுத்துட்டு வர்றேன். அஷ்டே, அவ்ளோதான்."

மெஷின் என் மனைவியுடையது. மூட்டை அவளுடையது. கீழ்வீட்டின் மின்சாரக் கட்டணத்தில் பாதி அவள் கொடுப்பது. நான் உற்பத்தியாளராக்கிய அக்காதான் வியாபாரி. வியாபாரியாக்கிய என் மனைவிதான் உற்பத்தியாளர். இரண்டு பேர் இருக்கிற ஒரு தொழிலில் இரண்டு பேருக்குமே தப்பாகப் போட வேண்டுமென்றால் அதற்கும் அனுபவம் வேண்டும்.

இருவரும் கேன்டீனுக்குப் போயிருக்கிறார்கள், கேன்டீன்காரர் இரண்டு பேர் பேப்பரையும் பார்த்திருக்கிறார். உணவு லைசென்ஸ் என் மனைவி பெயரில், மாவு தயாரிப்பு என்று இருக்கிறது. அதை ஒரு வருஷத்துக்கு முன்னால் அவளே அலைந்து வாங்கியிருக்கிறாள். பதிவில் சில்லறை வியாபாரம் என்று இருக்கிறது. ரெண்டும் ஒத்துப்போகவில்லை, தயாரிக்கிறவங்ககிட்டத்தான் வாங்குவோம், வாங்கி விக்கிறவங்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேண்டுமானால் உற்பத்தி என்று பேப்பர் வைத்திருக்கிற அந்த அக்கா பெயரில் ஆர்டர் போடட்டுமா என்றும் கேட்டிருக்கிறார்.

"நான் ஆகாதுன்னுட்டேன்" என்றார் அக்கா. "அவ கை மாவுக்கு நான் கையெழுத்துப் போட்டா நல்லா இருக்குமா சார்?"

 மாட்டிக்கொண்டால் அரசு ஊழியன் என்ன செய்வானோ அதைச் செய்தேன். சூழ்நிலையை விளக்கினேன். இடமும் இயந்திரமும் ஒரே முகவரியில் இருந்ததால் முதல் பார்வைக்கு, என்று ஆரம்பித்து நாலு வாக்கியம் பேசிவிட்டேன்.

 நான் முடித்ததும் என் மனைவி மெதுவாக, மூக்குக் கண்ணாடி இல்லாமலே, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள்.

"கேளிதீரா?" என்றாள்.

அதே இழுப்பு. நான் கற்றுக்கொடுத்ததுதான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அவள் கத்தியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தித் தப்பித்திருப்பேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷத்தில் எனக்கு அவ்வளவு வெட்கமாக இருந்ததில்லை.

மறுநாளுக்கு லீவு போட்டேன். திருத்த விண்ணப்பத்தில் தொழிலை விவரித்து எழுத வேண்டியிருந்தது. புதன் இரவே உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். அவள் மடிக்கணினியை மூடினாள். "காலையில அஞ்சரைக்குக் கீழ வாங்க. உக்காந்து பாருங்க. அப்புறம் கேட்டு எழுதுங்க" என்றாள்.

அக்கா வீட்டுப் பின்கட்டுக்குள் முதன்முதலாக அன்றைக்குத்தான் நுழைந்தேன். கவிழ்த்த வாளி ஒன்றைக் காட்டி உட்காரச் சொன்னாள். சுவரில் லைசென்ஸ் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அவள் முழுப்பெயர், அதன் கீழே தயாரிப்பாளர். தினமும் நான் மெட்ரோவுக்கு ஓடும் வழியிலிருந்து பத்தடி தூரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

நான் கேட்டேன், அவள் சொன்னாள். வேலையை நிறுத்தாமல் சொன்னாள். உளுந்தை எத்தனை தண்ணீர் கழுவ வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும். அரைக்கும்போது சூடேறாமல் இருக்க ஐஸ் தண்ணீர் எந்த மாதத்தில் எவ்வளவு. பதம் வந்ததா என்று பார்க்க ஒரு துளி உளுந்து மாவைத் தண்ணீரில் போட்டாள். மிதந்தது. முதலிலெல்லாம் மூழ்கும், தனக்குக் கை வருவதற்கே ஆறு மாதம் ஆனது என்றாள். மெஸ்ஸுக்குக் கெட்டியாக, தோசைக் கடைக்கு இளக்கமாக, பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு வெந்தயம் குறைத்து. ஒவ்வொரு வாளிக்கும் ஒரு துணி. உப்பைப் போட்டு முழங்கை வரை கையை விட்டுக் கலந்தாள்.

"குளிர் காலத்துல?" என்று கேட்டேன்.

"பெங்களூர் குளிருக்குப் புளிக்காது. வாளியப் போத்தி வைப்பேன்."

மூலையைக் காட்டினாள். அங்கே மடித்து வைத்திருந்தது என் போர்வை. நீலக் கட்டம் போட்டது. இரண்டு மார்கழியாக நான் வீடு முழுக்கத் தேடி, சலவைக்காரர் தொலைத்துவிட்டார் என்று முடிவு கட்டி அவரோடு சண்டையும் போட்டிருந்தேன்.

"கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்" என்றாள்.

நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினாறு வருஷமாக ‘மாவு அரைத்தல்’ என்ற இரண்டு வார்த்தையை எண்ணாக மாற்றியிருக்கிறேன். அந்த இரண்டு வார்த்தைக்குள் இவ்வளவு இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு இது பிடித்திருக்கிறது என்பதும் தெரியாது. பேசும்போது அவள் முகம் வேறு மாதிரி இருந்தது.

விண்ணப்பத்தை ஒன்பது மணிக்கு அனுப்பினேன். சரிபார்ப்பில் இருக்கிறது என்று திரையில் வந்தது. வெள்ளிக்கிழமை காலையும் அப்படியே வந்தது. நான் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். அங்கே ஒரு பெண், தவறான தொழில் எண்ணை யார் போட்டது, ஏதாவது ஏஜென்ட்டிடம் கொடுத்தீர்களா என்று கேட்டார். ஆமாம், ஒரு ஏஜென்ட்தான் என்று சொல்லி வைத்தேன். கேன்டீன்காரரிடம் நானே போய்க் கெஞ்சினேன். நல்ல மனிதர். "எனக்குப் புரியுது சார், ஆனா மேல பேப்பர்தானே கேப்பாங்க" என்றார். நாள்தோறும் நான் மற்றவர்களிடம் சொல்கிற வாக்கியம் அது.

திருத்திய சான்றிதழ் திங்கட்கிழமை வந்தது. அதற்குள் கேன்டீனுக்கு வேறொரு கம்பெனி மாவு ஃப்ரீசர் வண்டியில் வந்து இறங்கிவிட்டது.

ஷெட் சாவியைத் திருப்பிக் கொடுக்க அவள் போனபோது நானும் கூடப் போனேன். ஒருமுறை திறந்து உள்ளே போனாள். குழாய் சரியாக மூடியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். கதவைப் பூட்டி, சாவியை ஓனர் அம்மாவிடம் கொடுத்து, "இப்ப வேணாம்மா" என்றாள். திரும்பும் வழியில் என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். தக்காளி வாங்கினாள். நான்தான் மன்னிப்புக் கேட்டேன். "சரி, விடுங்க" என்றாள். விட்டுவிட்டாள் என்று அதற்கு அர்த்தம் இல்லை என்பதை அப்போது என்னால்கூடப் புரிந்துகொள்ள முடிந்தது.

மறுநாள் அலுவலகத்தில் அட்டவணையைத் திறந்தேன். நான் வெள்ளையடித்த அந்தப் பகுதி. ஒரே இழுப்பில் நான் வியாபாரியாக்கிய பெண்கள் வரிசையாக நின்றார்கள். அட்டவணையில் அவர்களுக்குப் பெயர் கிடையாது, வரி எண்ணும் போன் நம்பரும்தான். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் ஒரு பின்கட்டு, ஒரு வாளி, யாருடையதோ ஒரு பழைய போர்வை.

மேடத்திடம் போய், அந்தப் பகுதியைத் திரும்ப மஞ்சளாக்க வேண்டும் என்றேன். அவர் அட்டவணையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கேளிதீரா?" என்றார்.

"இல்ல மேடம்" என்றேன். அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் உண்மையான பதில் அதுவாக இருக்கலாம். அவர் வேலை முடியும் தேதியை அடித்து வேறு தேதி எழுதினார். பக்கத்து மேசைக்காரர் பத்து நாள் என்னோடு காப்பிக்கு வரவில்லை, அவருக்கும் அதனால் சனிக்கிழமை வேலை வந்தது.

இந்த முறை மூன்று மணிக்குமேல் போன் செய்தேன். கை கழுவிய நேரம். எடுத்தார்கள். நேற்றுக் காலையிலிருந்து என்னென்ன செய்தீர்கள் என்று கேட்டேன். அரைக்கிறோம், இடிக்கிறோம், வறுக்கிறோம், திரட்டுகிறோம் என்றார்கள். நிஜமாகவே வாங்கி விற்பவர்களும் இருந்தார்கள், ஆனால் நான் இழுத்த இழுப்புக்கு அவர்கள் ரொம்பக் குறைவு. ஒரு அம்மா எல்லாம் சொல்லிவிட்டு, "இதையெல்லாம் எதுக்குப்பா கேக்கிற, யாரும் கேட்டதே இல்லையே" என்றார். கேட்டிருக்க வேண்டியவன் நான்தான் என்று அவரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

கேன்டீன் ஆர்டர் திரும்ப வரவில்லை. திருத்திய பேப்பரைக் காட்டி, தங்கும் விடுதி ஒன்றுக்கும் இன்னொரு மெஸ்ஸுக்கும் என் மனைவி தானாகவே பேசிப் பிடித்தாள். ஷெட் எடுக்கிற அளவு இல்லை, அக்காவின் பின்கட்டில் இன்னும் இரண்டு வாளி கூடியது. அந்த விண்ணப்பங்களை அவளே நிரப்பினாள். நான் உதவட்டுமா என்று கேட்டேன். "ஓடிபி வந்தா சொல்றேன்" என்றாள். நான் அஞ்சரைக்கு எழுந்து கீழே போகக் கற்றுக்கொண்டேன்.

நாலு மாதம் கழித்து எங்கள் குடியிருப்பே கணக்கெடுப்பில் விழுந்தது. குலுக்கலில் எந்த வீடு வேண்டுமானாலும் வரலாம், எங்கள் வீடு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, நான் வகுப்பெடுத்த அந்தப் பெண், என் வாக்கியத்தைக் குறித்துக்கொண்டவள், டேப்லெட்டோடு வாசலில் நின்றாள். என்னைப் பார்த்ததும் வெலவெலத்துப் போனாள். "சார், நீங்களே சொல்லிடுறீங்களா?" என்றாள்.

விதிப்படி நான் விலகி நிற்க வேண்டும் என்று சொல்லி, பால்கனிக்குப் போய் நின்றேன். கதவு திறந்துதான் இருந்தது.

என் மனைவியின் தொழிலைப் பற்றி அந்தப் பெண் கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே, நேற்றுக் காலையிலிருந்து என்று கேட்டாள். பதில் நீண்ட நேரம் போனது. அவள் ஒரு இடத்திலும் குறுக்கிடவில்லை. பிறகு, "உங்க ஹஸ்பெண்டு என்ன வேலை செய்றாங்க மேடம்?" என்றாள்.

ஏதோ கவர்மென்ட் ஆபீஸ்ல எழுத்து வேலை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன். அவளுக்கு அதைச் சொல்ல முழு உரிமையும் இருந்தது.

"புள்ளிவிவர ஆபீஸ்" என்றாள். "நீங்க எழுதிட்டு வர்றதுக்கெல்லாம் நம்பர் போடுறார். இப்ப பழைய நம்பரைப் புது நம்பரா மாத்துறாங்க. ஒண்ணுக்கு ஒண்ணு வந்தா வெள்ளை. ஒண்ணு ரெண்டா மூணா பிரிஞ்சா மஞ்சள். மஞ்சள்னா போன் பண்ணிக் கேட்டுத்தான் போடணும். மூணாவது மாடியில ஜன்னல் ஓரமா சீட்டு. மேல இருக்கிற ஃபேன் ஓடாது, மூணு தடவை எழுதிக் குடுத்துட்டார். புத்தகம் பார்க்காமலே நம்பர் சொல்வார். பதினாறு வருஷமாச்சு, வர்ற ஆவணியோட பதினேழு."

நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒவ்வொன்றும் நான் சொன்னதுதான். ஒரே நாளில் சொன்னதில்லை. வருஷக்கணக்கில், சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால், போனைப் பார்த்துக்கொண்டே, துண்டு துண்டாகச் சொன்னது. நான் சொன்னதெல்லாம் அவளிடம் பத்திரமாக இருந்தது. அதே நேரத்தில் அதே தட்டுக்கு எதிரே உட்கார்ந்து அவளும் சொல்லியிருப்பாள், உளுந்து மிதந்தது, ஓனர் சத்தம் போட்டார், லைசென்ஸ் வந்தது என்று. அதில் ஒன்றுகூட என்னிடம் இல்லை.

"துணைத் தொழில் ஏதாவது இருக்குங்களா மேடம், சாருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள். பட்டியலில் அடுத்த கேள்வி அது.

"இருக்குது" என்றாள் என் மனைவி. "காலையில எனக்கு உளுந்து கழுவி, வாளி தூக்கிக் குடுக்கிறார். சம்பளம் கிடையாது."

"எவ்வளவு நாளா?"

"நாலு மாசமா. அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல."

அந்தப் பெண் தயங்கி பால்கனிப் பக்கம் பார்த்தாள். நான் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். டேப்லெட்டில் விரல் தட்டும் சத்தம் கேட்டது. அவள் என்ன எண் போட்டாள் என்று எனக்குத் தெரியும். மாவு உற்பத்தி, சம்பளமில்லாத குடும்ப உதவியாளர். என் மனைவியின் எண்ணுக்கு நேர் கீழே அதே எண். அதை என்னைக் கேட்காமல்தான் போட்டாள். கேட்க வேண்டியவரைக் கேட்டுத்தான் போட்டாள்.